புள்ளி வைத்தவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைச் சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். தோற்ற தளபதிக்காக அரசனிடம் பரிந்து பேசி, ஆண்மை நீக்கத் தண்டனை பெற்று, அந்த அவமானத்தோடேயே உயிர் வாழ்ந்து ‘ஷிஜி’ என்ற வரலாற்று நூலை எழுதி முடித்த மனிதர் மனதை விட்டு அகலவில்லை. ஆனால் கட்டுரையின் முடிவில், சீன வரலாற்று நூல்களின் பதிப்பில் இருபதாம் நூற்றாண்டு செய்த பெரிய காரியம் அவற்றுக்குக் காற்புள்ளி போட்டதுதான் என்று எழுதியிருந்தீர்கள். கிண்டலா? காற்புள்ளி போடுவது மெய்ப்புப் பார்ப்பவர் வேலை அல்லவா? அதற்கு, ஷிஜியைப் பதிப்பித்தவர் என்று நீங்கள் சொல்லும் கு ஜியேகாங் போன்ற ஓர் அறிஞர் எதற்கு? அந்த வேலையே மாவோவின் சொல்லில் தொடங்கியது என்றும் படித்தேன். அரசு உத்தரவில் வந்த வரலாற்று நூலை எப்படி நம்புவது? கடைசியாக ஒன்று. ஷிஜியை ஆங்கிலத்தில் வாசிக்க எந்த மொழிபெயர்ப்பை வாங்கலாம்?

வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

கிண்டல் இல்லை. கட்டுரையில் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தது என் அவசரம்.

பழைய சீன நூலில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதற்கு அடையாளமும் இல்லை. எழுத்துகள் மேலிருந்து கீழாக ஒரே சீராக இறங்கும். படிக்கிறவர் சிவப்பு மையைத் தொட்டு, தானே வட்டம் போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். கல்வியைப் பற்றிய அவர்களது பழைய நூல் ஒன்று, முதலாண்டு முடிந்த மாணவனிடம் சோதிக்க வேண்டியது வாக்கியத்தைப் பிரிக்கத் தெரிகிறதா என்பதைத்தான் என்கிறது. வாய்விட்டுப் படிக்கிறானா என்பதை அல்ல. பிரிக்கத் தெரிந்தால் பொருள் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஷிஜியிலிருந்தே ஓர் இடம் காட்டுகிறேன். முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் 33ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.மு. 214. அந்த ஆண்டின் செய்திகளுக்கு நடுவே ஒன்பது எழுத்துகள் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பெயர்த்தால்: தடை, அல்ல, பெறு, வழிபாடு, ஒளிர், விண்மீன், தோன்று, மேற்கு, திசை. அவ்வளவுதான். இனி நீங்கள் புள்ளி வையுங்கள்.

இன்று எல்லாரும் கையாளும் ஜோங்ஹுவா பதிப்பகத்தின் பதிப்பில் நான்காவது எழுத்துக்குப் பின் முற்றுப்புள்ளி இருக்கிறது. “வழிபாடு கூடாதென்று தடைசெய்தார்கள். மேற்குத் திசையில் ஒளிர்மீன் தோன்றியது.” இரண்டும் தனித்தனிச் செய்திகள். அந்தப் புள்ளியை எடுத்துவிட்டால், மேற்கே தோன்றும் ஒளிர்மீனை வழிபடக் கூடாது என்று தடைசெய்ததாக ஆகிவிடும். வானில் நடந்த நிகழ்ச்சி போய், ஒரு வழிபாட்டு மரபின் மீதான அடக்குமுறை வந்துவிடுகிறது. மூன்றாவது வாசிப்பு இன்னும் துணிச்சலானது. ஃபுஜிதா தொயோஹாச்சி என்ற ஜப்பானிய அறிஞர் அந்த ‘அல்ல, பெறு’ என்ற இரண்டு எழுத்துகளுக்கும் பொருள் பார்க்க வேண்டாம், ஒலியைப் பாருங்கள் என்றார். இன்றைய உச்சரிப்பில் ‘பு தெ’. புத்தர்! அப்படியானால் முதல் பேரரசர் தடைசெய்தது புத்தர் கோயில்களை. பௌத்தம் சீனாவுக்கு வந்தது கி.பி. முதல் நூற்றாண்டில் என்ற வழக்கமான கணக்கு சுமார் முந்நூறு ஆண்டு பின்னுக்குப் போய், அசோகர் மறைந்த அடுத்த தலைமுறையில் நிற்கும்.

பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை. ‘அல்ல, பெறு’ என்பது ‘கூடாது’ என்று சொல்வதற்கு அந்த மொழியில் இருக்கும் மிகச் சாதாரணமான தொடர். பக்கத்துக்குப் பக்கம் வரும். நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் பாருங்கள், எங்கே மூச்சு விடுவது என்ற ஒரே முடிவில் ஒரு மதத்தின் வரலாறு தொங்குகிறது. இது மெய்ப்புப் பார்ப்பவர் வேலையா? இப்படிப்பட்ட முடிவுகள் சுமார் 4 கோடி எழுத்துகளுக்கு எடுக்கப்பட்டன. இருபத்துநான்கு வரலாறுகள் என்று சீனர்கள் சொல்லும் அரசமரபு வரலாற்றுத் தொகுதியின் மொத்த அளவு அது.

அரசு உத்தரவு பற்றிக் கேட்டீர்கள். உண்மைதான். 1958இல் மாவோ சொல்லித்தான் முதல் நான்கு வரலாறுகளின் பதிப்பு வேலை தொடங்கியது. ஷிஜி 1959இலேயே வந்துவிட்டது. மக்கள் குடியரசின் பத்தாம் ஆண்டுக்குக் காணிக்கை. மற்ற நூல்களுக்காக 1963 முதல் நாடெங்கிலுமிருந்து வரலாற்றுப் பேராசிரியர்களைப் பெய்ஜிங்குக்கு வரவழைத்து, ஜோங்ஹுவா பதிப்பக வளாகத்திலேயே தங்கவைத்து வேலை வாங்கினார்கள். 1966இல் கலாசாரப் புரட்சி வந்தது, வேலை நின்றது. 1969இல் பதிப்பக ஊழியர்களை ஹூபே மாகாணத்தின் சியன்னிங்கில் வயல் வேலைக்கு அனுப்பினார்கள். 1971இல் பிரதமர் சௌ என்லாயின் குறிப்பின்பேரில் மறுபடி தொடங்கி 1978இல் முடிந்தது. இருபது வருடம். தொடங்கிவைத்ததும் அரசியல்தான், நிறுத்தியதும் அரசியல்தான்.

அரசியல் மூலபாடத்துக்குள் நுழைந்ததா என்றால், இல்லை என்பேன். முன்னுரைகளில் வர்க்கம், விவசாயிகள் எழுச்சி என்று அந்தக் காலத்துப் பேச்சு உண்டு, புரட்டிவிட்டுப் போகலாம். ஷிஜிப் பதிப்பில் ஓர் எழுத்து பிழை என்று தோன்றினால் பதிப்பாசிரியர் அதை நீக்குவதில்லை. சிறிய எழுத்தில் வட்ட அடைப்புக்குள் வைக்கிறார். சரியென்று தான் நினைப்பதைப் பக்கத்திலேயே சதுர அடைப்புக்குள் தருகிறார். அவர் முடிவு பிடிக்காவிட்டால் நீங்கள் பழைய பாடத்துக்கே திரும்பிப் போகலாம். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை.

அரசியல் பறித்தது வேறொன்றை, குறிப்புகளை. நுணுக்கமான பாட ஆராய்ச்சியே பூர்ஷ்வா வீண்வேலை என்று கருதப்பட்ட காலம் அது. பிரதிக்குப் பிரதி மாறும் எழுத்துகளைப் பற்றிய பாடபேதக் குறிப்புகளைச் சுருக்கச் சொன்னார்கள். ‘சோங் ஷு’ என்ற தென்மரபு வரலாற்றைப் பதிப்பித்த வாங் ஜோங்லுவோ அதற்கு எழுதிய விரிவான குறிப்புகள், அவர் 1986இல் இறந்து, 2009இல்தான் தனி நூலாக அச்சேறின.

(இடையே ஒரு செய்தி. ‘ஹான் ஷு’ என்ற ஹான் அரசமரபு வரலாற்றின் புள்ளிகளைச் சரிபார்த்துக் குறிப்பெழுதியவர் ஃபு டோங்ஹுவா. ‘கான் வித் த விண்ட்’ நாவலை 1940இல் சீனத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். ஒரு கை எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.)

இனி கு ஜியேகாங். உங்கள் கேள்வி என் தவறு ஒன்றைக் கிளறிவிட்டது. தொன்மையான அரசர்களைப் பற்றிய கதைகள் எவ்வளவு பழைய காலத்தைச் சொல்கின்றனவோ அவ்வளவு பிற்காலத்தில் புனையப்பட்டவை என்று 1920களில் சொல்லிப் புயல் கிளப்பியவர் அவர். பழைய நூல்களை அவ்வளவு சந்தேகித்தவருக்கு அவற்றின் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்திருந்தது. 1971இல், 78 வயதில், மொத்தத் தொகுதிக்கும் தலைமை தாங்க அழைத்ததும் அவரைத்தான். இதெல்லாம் சரி. ஆனால் ஷிஜிப் பதிப்பை ‘கு ஜியேகாங் பதிப்பு’ என்று என் கட்டுரையில் எழுதியது சரியல்ல.

அவரும் ஹெ சிஜுன் என்ற அறிஞரும் செய்தது முதற்கட்டப் புள்ளியிடல். அதை எடுத்து வரிவரியாக மறுபடி செய்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் சோங் யுன்பின். ஹாங்ஜோவில் இருந்தவரை 1957இல் வலதுசாரி என்று முத்திரை குத்திப் பதவிகளிலிருந்து இறக்கினார்கள். வேலையில்லாமல் இருந்த அந்த நாட்களில் ஷிஜிக்கு ஒரு முழு உரைத்தொகுப்புக்கான திட்டம் எழுதினார். அது ஜோங்ஹுவாவின் கைக்குப் போக, 1958இல் பெய்ஜிங்குக்கு அழைத்துக்கொண்டார்கள். ஷிஜியை முடித்துவிட்டு ‘ஹௌ ஹான் ஷு’ என்ற பிற்கால ஹான் வரலாற்றையும் அவரே செய்தார், அது 1965இல் வந்தது. 1979இல் இறந்தார். எத்தனையோ ஆண்டுகள் ஷிஜிப் பதிப்பு என்றால் கு ஜியேகாங்கின் பெயரைத்தான் சொன்னார்கள். அரசனின் தண்டனைக்கு ஆளானவர் எழுதிய நூலுக்கு இன்னொரு தண்டனைக்கு ஆளானவர் புள்ளி வைத்திருக்கிறார். இது தெரியாமல் அந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறேன்.

சிங்கப்பூரில் ஒரு நூலகத்தில் அந்தத் தொகுதியை எடுத்துப் பார்த்தேன். எனக்குச் சீனம் வாசிக்க வராது. ஆனாலும் எழுத்து வரிசையின் ஓரமாகச் சில இடங்களில் மெல்லிய நேர்கோடு ஓடியது, சில இடங்களில் அலைபோல் நெளியும் கோடு. நேர்கோடு ஆள், ஊர், அரசமரபுப் பெயர்களுக்கு. நெளிகோடு நூற்பெயர்களுக்கு. ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத எனக்கே, இந்தப் பக்கத்தில் யாரோ எங்கோ நிறையப் பேர் நடமாடுகிறார்கள், இங்கே ஒரு புத்தகம் பேசப்படுகிறது என்று தெரிந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் இது பெயரா, வெறும் சொல்லா, ஒருவரா, இருவரா என்று ஒருவர் யோசித்திருக்கிறார்.

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். வாசிக்க வேண்டுமென்றால் பர்ட்டன் வாட்சன். கொலம்பியா பல்கலைக்கழகம் 1961இல் வெளியிட்டது. அடிக்குறிப்புகளை வேண்டுமென்றே குறைத்துக் கதைபோல ஓடவிட்டிருப்பார். முழு நூல் அல்ல. பெரும்பகுதி ஹான் காலம். வில்லியம் நீன்ஹவுசர் குழுவின் மொழிபெயர்ப்பு 1994 முதல் தொகுதி தொகுதியாக இண்டியானா பல்கலைக்கழகப் பதிப்பாக வருகிறது. பக்கத்தில் பாதி குறிப்புகள்தான். முதலில் வாட்சனை வாங்குங்கள். விலையும் குறைவு.

ஷிஜியின் திருத்திய பதிப்பு 2013இல் வந்துவிட்டது. முதல் பதிப்பில் இல்லாத பாடக்குறிப்புகள் அதில் இருக்கின்றன. என் கட்டுரையின் திருத்திய வடிவத்தை இன்று காலை ஏற்றினேன். ‘கு ஜியேகாங் பதிப்பு’ என்று இருந்ததை நான் அழிக்கவில்லை. வட்ட அடைப்புக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் சோங் யுன்பின் பெயரைச் சேர்த்திருக்கிறேன்.