விசை எங்கே போகும்?

அன்புள்ள ஐயா,
மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செர்ன் (ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுக்கூடம்) திட்டமிடும் 91 கிலோமீட்டர் துகள் முடுக்கிக்கு 14 முதல் 16 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) காந்தங்கள் வேண்டுமாம். மின்தடையே இல்லாமல் கடத்தும் மீகடத்திகளில், அவ்வளவு குளிர் கேட்காத உயர்வெப்பநிலை மீகடத்தி கைக்கு வந்தால் சிக்கல் தீர்ந்துவிடாதா? இத்துறைக்கு வர இயற்பியலுக்கு மாற வேண்டுமா?
முகிலன்

அன்புள்ள முகிலன்,

மெக்கானிக்கல் படித்துக்கொண்டே இப்படிக் கேட்கலாமா? இந்தக் காந்தங்களில் தீராமல் கிடக்கும் பெரிய சிக்கலே உங்கள் பாடம்தான்.

உயர்வெப்பநிலை மீகடத்தி வரட்டும், நல்லது. ஆனால் காந்தத்தின் கம்பிச் சுருளைப் பிய்க்கும் விசை காந்தப்புலத்தைப் பொறுத்தது. கம்பி எந்த வெப்பநிலையில் இருந்தாலும் அது குறையாது. செர்னில் இப்போதுள்ள முடுக்கியான எல்.ஹெச்.சி.யில் 8.33 டெஸ்லாவிலேயே சுருளின் ஒவ்வொரு காற்பகுதியும் மீட்டருக்குச் சுமார் 170 டன் பக்கவாட்டு விசையைத் தாங்குகிறது. புலம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

தாங்க வேண்டிய பொருளைப் பாருங்கள். எல்.ஹெச்.சி.யின் மீகடத்திக் கம்பியான நியோபியம்-டைட்டானியம் வளைந்து கொடுக்கும், ஆனால் இவ்வளவு புலத்துக்கு எட்டாது. அடுத்தது நியோபியம்-டின். உருவானபின் அது பொரித்த அப்பளம், வளைத்தால் நொறுங்கும். அதனால் கண்ணாடியிழை உறையிட்ட கேபிளை முதலில் சுற்றிவிட்டு, ஆர்கான் உலையில் 210, 400 டிகிரிகளில் தலா இரண்டு நாள், கடைசியாக 650 டிகிரிக்குச் சற்று மேல் இரண்டு நாள் சுடுகிறார்கள். கேபிள் சில சதவீதம் தடிக்கும். அச்சில் அதற்கு இடம் விடாவிட்டால் இழைகள் அங்கேயே கெட்டன. பிறகு வெற்றிடத்தில் எப்பாக்ஸி பிசினை ஊற்றி இறுக்குவார்கள்.

இனிதான் கைநுணுக்கம். சுருள்கட்டுக்கும் இரும்பு உறைக்கும் நடுவே மெல்லிய எஃகுப் பைகளைச் செருகி, உயர் அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றுவார்கள். துளி இடைவெளி திறக்கும். அதில் எஃகுக் கட்டைகளை (உங்கள் ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் அதே கீதான்) தள்ளிவிட்டுப் பைகளை உருவுவார்கள். குளிரும்போது வெளி அலுமினிய உருளை இரும்பைவிட அதிகம் சுருங்கி மீதி இறுக்கத்தைக் கொடுக்கும். இறுக்கம் 150 மெகாபாஸ்கலை மிகவும் தாண்டினால் இழைகள் விரிசல் விடும். மின்னோட்டம் ஏற்றும்வரை அது தெரியாது. குறைந்தால் சுருள் சில மைக்ரான் நழுவும். 1.9 கெல்வினில் உலோகத்தின் வெப்பக்கொள்ளளவு மிகச் சொற்பம் என்பதால் அந்த உராய்வுச் சூடே போதும், குவெஞ்ச்: கம்பி மீகடத்தும் தன்மையைச் சட்டென்று இழந்துவிடும். எப்பாக்ஸியில் விழும் கீறலும் இதையே செய்யும். எப்பாக்ஸிக்குப் பதில் பாரஃபின் மெழுகு ஊற்றிய சிறு மாதிரிகள் முதல் ஓட்டத்திலேயே கம்பி தாங்கும் மின்னோட்ட எல்லையைத் தொட்டன. நீளமான சுருளிலும் இது நிற்குமா என்பது ஒட்டுதலும் விரிசலும் சேர்ந்த கேள்வி.

இயற்பியலுக்கெல்லாம் மாறாதீர்கள். நான்காம் ஆண்டில் முறிவு இயக்கவியல் விருப்பப் பாடமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.