பழைய தேக்கு ஜன்னல்களைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள்

வணக்கம். முத்தியால்பேட்டை வீட்டைப் புதுப்பிக்கும்போது கழற்றும் ஆறு தேக்கு ஜன்னல்களை, இடிபாட்டோடு சேர்த்து மேஸ்திரி கேட்கிறார், கொடுக்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். பழைய முற்றிய தேக்கு இப்போது எளிதில் கிடைப்பதில்லை.

முதலில் கத்தி முனையால் கீழ்ச்சட்டத்தையும், சுவருக்குள் இருக்கும் மூலைகளையும் குத்திப் பாருங்கள். மழைநீர் தங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். கீழ்ச்சட்டம் மட்டும் போயிருந்தால் தச்சர் அதை மட்டும் மாற்றிவிடுவார். கடல் காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பி, துளையைச் சுற்றி மரம் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கழற்றும்போது கடப்பாரையால் நெம்ப விடாதீர்கள், மூலை இணைப்பு பிளந்துவிடும். கதவுகளை முதலில் எடுத்துவிட்டு, சுற்றியுள்ள பூச்சைக் கொத்தி, சுவரில் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையை அறுத்தால் சட்டம் முழுசாக வரும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்க வேண்டாம். நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி அவசியம், குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. உடைந்த துண்டுகளை அடுப்பிலும் போடாதீர்கள்.

விற்பதென்றால் ஜன்னலுக்கு இவ்வளவு என்று பேசாமல் கன அடிக் கணக்கில் பேசுங்கள். 4×3 அங்குலச் சட்டம் 12 அடி நீளம் என்றால் 1 கன அடி. அப்புறம் விலையை இரண்டு மரக்கடைகளிலாவது கேளுங்கள்.