கையேட்டைப் பிரிப்பதா, ஒன்றாகவே வைப்பதா?

கேள்வி: எங்கள் நெல் ஆலைக்கு நான் எழுதிய தொழில்நுட்பக் கையேடு 140 பக்கங்களுக்கு வளர்ந்துவிட்டது. நெல்லை ஊறவைத்து அவிப்பது முதல் உலர்த்துவது, உமி நீக்குவது, தீட்டுவது, மோட்டர்களைப் பராமரிப்பது வரை எல்லாம் அதில் உள்ளன. ஆனால் ஒருவரும் அதைத் திறப்பதில்லை. சந்தேகம் வந்தால் என்னையே கேட்கிறார்கள். ஏழெட்டுச் சிறு கையேடுகளாகப் பிரித்துவிடலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பிரிக்கலாம். ஆனால் பக்கக் கணக்கைப் பார்த்துப் பிரிக்க வேண்டாம். யார், எந்த வேளையில், எதற்காகத் திறப்பார் என்பதைப் பார்த்துப் பிரியுங்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில், இரவு ஒரு மணிக்கு உலர்த்தியருகே நிற்பவருக்கு வேண்டியது ஒரே ஒரு விடயந்தான்: ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதா, நெல்லை ஆலைக்குள் விடலாமா என்பது. உமித்தூசி படிந்த கையால் அவர் 140 பக்கங்களைப் புரட்டமாட்டார். உமி நீக்கும் றப்பர் உருளை தேய்ந்தால் அதைக் கழற்றி மாற்றுபவரோ கருவிகளை விரித்துவைத்துவிட்டு ஆறுதலாக வாசிப்பார். அவருக்கு முழு விளக்கமும் வரிப்படமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இவ்விருவருக்கும் தனித்தனிக் கையேடு எழுதுவது நியாயம். உலர்த்துவதை மட்டும் மூன்றாக வெட்டுவதற்கு நியாயம் இல்லை.

அளவுக்கு மீறிப் பிரித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தவர்களும் உண்டு. இணையப் பக்கங்களைக் கணினிகள் பரிமாறிக்கொள்ளும் விதியான எச்.ரி.ரி.பி.யின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பு 176 பக்கங்களில் ஒரே ஆவணமாக வெளிவந்தது. 2014இல் அதை ஆறாகப் பிரித்தார்கள். இதற்கிடையில் அந்த விதிக்குப் புதிய பதிப்புகள் தோன்றின. செய்தியை அனுப்பும் வடிவம் மாறினாலும், செய்தியின் பொருள் எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாகவே இருந்தது. ஆகவே 2022இல் பொதுவான பொருளை ஒரே ஆவணத்தில் திரட்டி, பதிப்புக்குப் பதிப்பு மாறும் வடிவத்தைத் தனி ஆவணங்களில் வைத்தார்கள். சேர்ந்து மாறுபவை சேர்ந்தே இருக்கட்டும், தனியே மாறுபவை தனியே போகட்டும் என்ற அந்த முடிவு உங்கள் ஆலைக்கும் பொருந்தும்: நாளை வேறு வகை உலர்த்தி வாங்கினால், ஒரு கையேட்டை மட்டும் திருத்தினால் போதும் என்ற நிலை வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், நீர்ப்பம்பிகளுக்கான எண்ணெய் அட்டவணையை மூன்று கையேடுகளிலும் பிரதி செய்து வைத்திருந்தோம். எண்ணெய் வகை மாறியபோது இரண்டைத் திருத்தினோம், மூன்றாவதை மறந்தோம். பழைய எண்ணெயை ஊற்றிய பையனை ஏசினார்கள். அவனோ கையிலிருந்த தாளில் உள்ளபடியே செய்திருந்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. எனவே அட்டவணைகளை ஒரே கையேட்டில் வைத்து, மற்றவற்றில் அதன் பெயரையும் பக்கத்தையும் மட்டும் குறிப்பிடுங்கள். ஒவ்வொரு முகப்பிலும் திருத்திய திகதி இருக்கட்டும். எந்தக் கையேட்டில் எது உள்ளது என்று சொல்லும் ஒற்றைத்தாளை ஆலை வாசலில் ஒட்டுங்கள்.

இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. கொதிகலனையும் மின்சாரத்தையும் அவசரமாக நிறுத்தும் முறையை எல்லாக் கையேடுகளின் முதற் பக்கத்திலும் முழுமையாக அச்சிடுங்கள். தமிழோடு சிங்களத்திலும் எழுதி, ஆளியின் அருகே கண்ணுயரத்தில் ஒரு பிரதியை ஒட்டிவிடுங்கள். அதில் எது மாறினாலும், அத்தனை பிரதிகளையும் அன்றைக்கே மாற்றுங்கள்.