பிபி தாளில் எல்லாம் நார்மல், அம்மா மட்டும் இளைக்கிறார்

கேள்வி: அம்மா கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். தினமும் பிபி, சுகர், பல்ஸ் எழுதிய தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். எல்லாமே நார்மல். ஆனால் வீடியோ காலில் பார்த்தால் இளைத்துக்கொண்டே போகிறார். எதை நம்புவது? – வாசகி, துபாய்

பதில்: கண்ணை நம்புங்கள். அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பிபி நாள் தவறாமல் 120/80 என்றே இருந்தால், கருவியைக் கையில் கட்டாமலே எழுதுகிறார்களோ என்று சந்தேகப்படலாம். எண்பது வயதுக்காரருக்கு 138, 152, 126 என்று ஏறி இறங்கித்தான் வரும்.

நீங்கள் கேட்க வேண்டியது, அவர்கள் அனுப்பாத எண்ணை. அதாவது எடை. மாதம் ஒருமுறை, அதே மெஷினில், காலை டிபனுக்கு முன் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 47.5க்கு வந்தாலே எச்சரிக்கைதான். நிற்க முடியாதவர் என்றால் மேல்கைச் சுற்றளவை டேப் வைத்து அளந்து வந்தாலும் போக்கு பிடிபடும்.

பல்செட் லூசாகியிருக்கலாம், விழுங்கச் சிரமப்படலாம், புது மாத்திரை பசியைக் கெடுத்திருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். இன்னொன்றும் நடப்பதுண்டு. கை நடுங்குகிறவர் முன்னால் தட்டை வைத்துவிட்டுப் போவார்கள். அரை மணி கழித்து அப்படியே எடுத்துப் போவார்கள். ரெஜிஸ்டரில் ‘சாப்பிட்டார்’ என்று டிக் விழுந்திருக்கும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது மதியச் சாப்பாட்டு வேளையில், முன்கூட்டிச் சொல்லாமல் போய் அம்மா பக்கத்தில் உட்காருங்கள்.

கேள்வி: மாமனாருக்குப் பக்கவாதம். இங்கே நர்சிங் ஹோம் தேடுகிறோம். மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) தளத்தில் ஐந்து நட்சத்திரம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடலாமா? – வாசகர், நியூஜெர்சி

பதில்: மூட வேண்டாம். 2008இல் வந்த இந்த நட்சத்திரக் கணக்கு மூன்று பகுதி கொண்டது: மாநில அதிகாரிகள் நேரில் வந்து செய்யும் சோதனை, ஊழியர் எண்ணிக்கை, பராமரிப்புத் தரக் குறியீடுகள் (கீழே விழுதல், படுக்கைப் புண் போன்றவை). மூன்றாவதில் பெரும்பங்கு, அந்த இல்லமே நிரப்பி அனுப்பும் மதிப்பீட்டுப் படிவத்திலிருந்து வருகிறது. தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துவது மாதிரி. பலத்த காயம் ஏற்பட்ட கீழே விழுதல்களை மருத்துவமனை பில்களோடு ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய நாற்பது சதவீதம் படிவத்தில் ஏறவே இல்லை என்று தெரிந்தது.

ஊழியர் கணக்கு அப்படியல்ல. 2016 முதல் சம்பளப் பதிவேட்டிலிருந்தே அதை அனுப்பியாக வேண்டும். 2022 முதல் வார இறுதியில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், வருடத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதும் தளத்தில் தெரிகிறது. நானாக இருந்தால் சோதனை அறிக்கையையும் ஞாயிற்றுக்கிழமை ஆள்பலத்தையும் பார்த்துவிட்டுத்தான் நட்சத்திரத்தை எண்ணுவேன்.

கேள்வி: “எங்கள் இல்லத்தில் ஒரு வருடமாக யாருமே கீழே விழவில்லை” என்கிறார் மேனேஜர். நல்ல இடம்தானே? – வாசகர், திருச்சி

பதில்: எழுதுவதில்லை, அல்லது யாரையும் எழுந்து நடக்க விடுவதில்லை. முப்பது நாற்பது முதியவர்கள் இருக்கும் இடத்தில் வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. கடைசியாக விழுந்தவர் எங்கே, எத்தனை மணிக்கு விழுந்தார், அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். “ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்தார், எழுந்து நிற்கும்போது பிபி இறங்குவது தெரிந்தது, மாத்திரையை மாற்றினோம்” என்று சொல்லும் இடத்தில் சேருங்கள்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதாகச் சார்ட்டில் இருக்கிறது. உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகி, மதுரை

பதில்: இரவு பகல் எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் ஷிப்ட் முடியும்போது மொத்தமாக நிரப்பியது. சார்ட்டை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள்: குதிகால், பிட்டத்துக்கு மேலே உள்ள எலும்பு, இடுப்பின் இரு பக்கம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. நம்மவர்களின் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சுலபமாகத் தெரியாது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது கொழகொழவென்று இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சேர்க்கும் நாளிலேயே இந்த இடங்களைப் போட்டோ எடுத்து வைத்தால், புண் வீட்டிலிருந்தே வந்ததா இல்லையா என்ற சண்டையும் வராது.

கேள்வி: பதிவேட்டின் நகல் கேட்டால் தர மறுக்கிறார்கள். – வாசகர், சேலம்

பதில்: ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன. டாக்டர் இல்லாத முதியோர் இல்லத்தை அந்த விதியால் பிடிக்க முடியாது. அதனால் மாத்திரைச் சார்ட், எடை, விழுந்த விவரம் மூன்றுக்கும் மாதம் ஒரு நகல் என்று சேர்க்கைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள். சேர்த்தாகிவிட்டது என்றால் எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567.