செப்டிக் ஷாக்கில் நுண்குழாய் ரத்த ஓட்டத்தைச் சீராக்க மருந்து உண்டா?

ரத்த அழுத்தம் சரியான பிறகும் செப்டிக் ஷாக் (கடும் தொற்றால் ரத்த அழுத்தம் ஆபத்தாக வீழும் நிலை) நோயாளியின் உறுப்புகள் ஏன் செயலிழக்கின்றன, நுண்குழாய் (தந்துகி போன்ற மிக நுண்ணிய ரத்தக்குழாய்) ஓட்டத்தைக் கூட்டத் தனி மருந்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்ட தனி மருந்து இன்னும் இல்லை.

குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் செலுத்திச் சராசரித் தமனி அழுத்தத்தை 65 மி.மீ. பாதரச அளவுக்குக் கொண்டுவந்தாலும், தந்துகிகளின் உட்சுவர் சேதமடைந்து, வெள்ளணுக்கள் ஒட்டிக்கொண்டு, நுண்ணிய ரத்தக்கட்டிகளும் அடைத்திருப்பதால், ஒரு தந்துகியில் ரத்தம் விரைந்தோட, அடுத்ததில் ஓட்டமே நின்றிருக்கும். அழுத்த அளவீடு இதைக் காட்டாது.

குழாய்களை விரித்தால் ஓட்டம் திரும்பும் என்ற எண்ணத்தில் நைட்ரோகிளிசரின் முயலப்பட்டது. 2002-இல் வெளியான சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. 2010-இல் 70 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில் அந்தப் பயன் உறுதிப்படவில்லை. 2016-இல் வெளியான பெரிய ஆய்வில் இதயத்தின் சுருங்குதிறனைக் கூட்டிக் குழாய்களை விரிக்கும் லெவோசிமெண்டானும் உறுப்புப் பாதிப்பைக் குறைக்கவில்லை. இதயத் துடிப்புக் கோளாறுகளே கூடின. மாறாக, குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு உடலில் உற்பத்தியாவதை வகை பிரிக்காமல் தடுத்த மருந்தோ இறப்பை அதிகரித்தது. நுண்குழாய் நோயை ஒரே திசையில் தள்ளித் திருத்த முடியாது என்பதையே இது உணர்த்துவதாகக் கருதுகிறேன்.

அதனால் உரிய நேரத்தில் ஆன்டிபயாடிக், அளவான திரவம், நார்அட்ரினலின் ஆகியவையே இன்றும் அடிப்படை. விரல் நுனியைக் கண்ணாடித் தகட்டால் வெளுக்கும்வரை 10 விநாடி அழுத்தி விட்டால், 3 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தாமதித்தால் ஓட்டம் போதவில்லை என்று ஐயுற வேண்டும். அத்துடன் இதயம் சுருங்கும் திறனும் குறைந்திருந்தால், இதயத்தை வலுவாகச் சுருங்கச் செய்யும் டோபுடமின் சேர்ப்பது பொருத்தமானது.