வறண்ட நாட்களில் ஜெபம்

கேள்வி: பல மாதங்களாக ஜெபிக்க அமர்ந்தால் மனம் வெறுமையாக இருக்கிறது; வேதம் வாசித்தாலும் எதுவும் உள்ளே இறங்குவதில்லை. தேவன் என்னைக் கைவிட்டுவிட்டாரா? எதற்காக வாழ்கிறேன் என்பதே விளங்கவில்லை.

பதில்: அன்புச் சகோதரியே, அவர் உங்களைக் கைவிடவில்லை. உணர்வு வற்றிப்போவதும் விசுவாசம் அற்றுப்போவதும் ஒன்றல்ல. விசுவாசமே இல்லாதவர் தேவனுடைய மௌனத்துக்காக இப்படி வருந்தமாட்டார். வேதத்தின் ஜெபப் பாடல்களில் 88ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கையில் முடிய, இது இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஜெபத்துக்கும் வேதம் இடம் கொடுத்திருப்பதால், உங்கள் வெறுமையையே வார்த்தைகளாக்கி அவர் முன் வைக்கலாம்.

வாழ்வின் நோக்கத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்குத் (1 இராஜாக்கள் 19) தேவன் முதலில் அனுப்பியது உபதேசம் அன்று, அப்பமும் தண்ணீரும்தான். அவன் உண்டு, உறங்கி, மீண்டும் உண்டு, ஓரேப் மலைக்கு நடந்துசென்று, அங்கே மெல்லிய சத்தத்தைக் கேட்ட பிறகே, அவனுக்குப் பின் தீர்க்கதரிசியாக எலிசாவை அபிஷேகம்பண்ணுவது உள்ளிட்ட அடுத்த பணிகளைத் தேவன் ஒப்படைத்தார். ஆகவே முதலில் சோர்ந்த உடலுக்கு ஓய்வு கொடுங்கள். துயரம் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது. நாளுக்கு ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். அதுவும் இயலாத நாளில், உங்களுக்காக ஜெபிக்கும்படி நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் தயங்காமல் கேளுங்கள்.