வாசகர் கேள்வி பதில்: தொண்டு நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்பில் ஒரு பள்ளி மாணவர்

மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் தொண்டு நிறுவனங்களில் சைபர் பாதுகாப்புப் பயிற்சிக்குச் சேர்வது குறித்து மாணவர்களும் பெற்றோரும் நிறுவனப் பொறுப்பாளர்களும் எழுதியிருக்கிறார்கள். இந்த இதழின் பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நாங்கள் நடத்துவது சிறிய தொண்டு நிறுவனம். வரும் நன்கொடை வந்த வேகத்தில் செலவாகிவிடுகிறது. எங்களிடம் திருட என்ன இருக்கிறது? இதற்கென்று ஒரு மாணவரைப் பயிற்சிக்கு எடுப்பது தேவைதானா?

பதில்: கையில் பணம் இல்லாததால் உங்களை யாரும் நாடமாட்டார்கள் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் கணினியில் நன்கொடையாளர்களின் தொலைபேசி எண்களும் வங்கி விவரங்களும் இருக்கின்றன. அவற்றினும் முக்கியமாக, உங்களிடம் உதவி பெறுவோரின் நோய், கடன், குடும்பச் சிக்கல், தங்குமிடம் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழுவுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். போராலும் புலம்பெயர்வாலும் பேரிடராலும் குடும்பத்தைப் பிரிந்தவர்களைத் தேடிச் சேர்த்துவைக்கும் பணிக்காக அந்த அமைப்பு வைத்திருந்த 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அடங்கிய சர்வர்களுக்குள் 2021 நவம்பர் 9-ஆம் நாள் அந்நியர்கள் நுழைந்தார்கள். அது கண்டுபிடிக்கப்பட்டது 2022 ஜனவரி 18-ஆம் நாள்தான். ஏற்கெனவே தெரிந்திருந்த, திருத்தமும் வெளியாகியிருந்த ஒரு மென்பொருள் குறையின் வழியாகவே அவர்கள் நுழைந்தார்கள். அந்தத் திருத்தத்தை உரிய நேரத்தில் நிறுவவில்லை என்பதை அந்த அமைப்பே வெளிப்படையாகச் சொன்னது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பணத்தைக் குறிவைத்தவர்களும் உண்டு. 2017-இல் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பின் அமெரிக்கப் பிரிவில் ஊழியர் ஒருவரின் மின்னஞ்சல் கணக்கைக் கைப்பற்றியவர்கள், பாகிஸ்தானிலுள்ள சுகாதார மையங்களுக்குச் சூரிய மின்தகடுகள் வாங்குவதாகப் போலி பில்களை அனுப்பி ஏறத்தாழ 10 லட்சம் டாலரைத் தங்கள் கணக்குக்கு வரவழைத்துக்கொண்டார்கள். அந்த இழப்பின் பெரும்பகுதி காப்பீட்டால் ஈடுசெய்யப்பட்டது. சிறிய நிறுவனங்களுக்கு அத்தகைய காப்பீடு இருப்பது அரிது.

ஒன்றில் அப்டேட் தாமதமானது. மற்றொன்றில் ஒரு மின்னஞ்சல் கணக்கு பறிபோனது. இவ்விரண்டையும் கவனிப்பதற்கு, பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு கணினியாக, ஒவ்வொரு கணக்காகப் பார்க்கும் ஒருவர் வேண்டும். உங்களைப் போன்ற இடங்களில் எல்லாரும் பயனாளிகளின் வேலையில் மூழ்கியிருப்பதால் அந்த ஒருவர் இல்லாமலே போய்விடுகிறார். ஒரு பெரியவர் மேலே பொறுப்பேற்று நிற்பாரானால், அந்த இடத்தை ஒரு மாணவரால் நன்றாகவே நிரப்ப முடியும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நான் 11-ஆம் வகுப்பு படிக்கிறேன். லினக்ஸும் பைத்தானும் ஓரளவு தெரியும். தொண்டு நிறுவனம் ஒன்றில் பயிற்சி கிடைத்திருக்கிறது. ஊடுருவிச் சோதிக்கும் வேலை தருவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களோ கணினிகளையும் கணக்குகளையும் பட்டியல் எடுக்கச் சொல்கிறார்கள். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

பதில்: உங்களுக்குச் சரியான வேலையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். சிஐஎஸ் என்னும் இணையப் பாதுகாப்பு அமைப்பு வகுத்து, பல நாடுகளில் பின்பற்றப்படும் கட்டுப்பாடுகளில் முதலாவது கருவிகளின் பட்டியல், இரண்டாவது மென்பொருள்களின் பட்டியல். அவற்றை உருவாக்கிய வல்லுநர்கள் இவ்விரண்டையும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் பட்டியல் எடுக்கத் தொடங்கினால், எப்போதோ விலகிப் போன தன்னார்வலரின் கணக்கு இன்னும் அட்மின் உரிமையோடு உயிருடன் இருப்பதைக் காண்பீர்கள். நிறுவனத்தின் டொமைன் பெயர் (இணைய முகவரி) நிறுவனரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கக்கூடும். ரவுட்டரின் பாஸ்வேர்டு பெட்டியிலிருந்து வந்தபடியே இருக்கக்கூடும். யாரோ நன்கொடையாகத் தந்த பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. எந்த ஊடுருவல் கருவியையும் தொடாமலே இத்தனையும் தெரியவரும்.

அடுத்ததாக, மின்னஞ்சல், வங்கி, நன்கொடைக் கணக்குகள் அனைத்திலும், பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் குறியீடுகூடத் தானியங்கித் தாக்குதல்களை 100 சதவீதமும், மொத்தமாக அனுப்பப்படும் பிஷிங் (போலிச் செய்தியால் ஏமாற்றிப் பாஸ்வேர்டு பறிக்கும்) தாக்குதல்களை 96 சதவீதமும், குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைக்கும் தாக்குதல்களை 76 சதவீதமும் தடுத்தது. கடைசி எண்ணைக் கவனியுங்கள். பணத்தைக் கையாளும் பொருளாளருக்குக் குறுஞ்செய்தி போதாது. அவருக்குப் பாதுகாப்புச் சாவி எனப்படும் சிறு கருவியையோ, பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைபேசியிலோ கணினியிலோ சேமிக்கப்படும் பாஸ்கீயையோ பரிந்துரையுங்கள். மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றும்படி ஊழியர்களை நெருக்காதீர்கள். கசிந்ததற்கான அறிகுறி இருந்தாலொழிய அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே அறிவுறுத்திவிட்டது. நெருக்கப்பட்டவர்கள் பழைய பாஸ்வேர்டின் கடைசியில் ஓர் எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

தொழில்நுட்ப ஆர்வத்துக்குத் தீனி வேண்டுமென்றால் நிறுவனத்தின் மின்னஞ்சல் டொமைனைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி நன்கொடை கேட்பது எளிது; அதைத் தடுக்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்னும் மூன்று ஏற்பாடுகள் உள்ளன. எந்தெந்த சர்வர்கள் இந்த டொமைனின் பெயரில் அனுப்பலாம் என்பதை முதலாவது அறிவிக்கிறது. இரண்டாவது ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் மின்கையொப்பம் இடுகிறது. இவ்விரு சோதனைகளிலும் தேறாத மின்னஞ்சலை என்ன செய்வது என்று பெறுபவரின் சர்வருக்கு மூன்றாவது சொல்கிறது. இங்கே அவசரம் ஆபத்தானது. தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் செய்திமடலை ஒரு சேவையின் மூலமும் நன்கொடை ரசீதை வேறொரு சேவையின் மூலமும் அனுப்புகின்றன. இவற்றையெல்லாம் கண்டறியாமல் முதல் நாளே டிமார்க்கை 'நிராகரி' என்று வைத்தால், நன்கொடையாளருக்குச் சேர வேண்டிய உண்மையான ரசீதுகளையே நீங்கள் தடுத்துவிடுவீர்கள். முதலில் அறிக்கை மட்டும் வரும் நிலையில் வைத்து, சில வாரங்கள் அந்த அறிக்கைகளைப் படித்து, உண்மையான அனுப்புநர்கள் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகு படிப்படியாக இறுக்குங்கள். அந்த அறிக்கைகள் எக்ஸ்எம்எல் வடிவில் வரும். அவற்றை வகைபிரித்துப் படிக்க உங்கள் பைத்தான் நன்றாகவே உதவும்.

பேக்கப் பற்றி ஒன்றே ஒன்று. பேக்கப் எடுக்கப்படுகிறதா என்று கேட்பதோடு நிற்காமல், ஒரு கோப்பை அதிலிருந்து மீட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கும்போது இணைப்பிலுள்ள பேக்கப்பையும் சேர்த்தே பூட்டிவிடும் என்பதால், ஒரு பிரதியாவது கணினியோடு இணைக்கப்படாமல் தனியே இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஒரு மாணவி பயிற்சிக்கு வருகிறாள். நல்ல பெண், நம்பிக்கையானவள். வேலை எளிதாக நடக்கட்டும் என்று அட்மின் பாஸ்வேர்டை அவளிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவள் நம்பிக்கையானவள் என்பதே அதற்கு முதற்காரணம். நாளை ஏதேனும் ஒரு கோப்பு அழிந்துபோனாலோ தகவல் கசிந்தாலோ, எல்லாவற்றையும் திறக்கும் பாஸ்வேர்டு யாரிடம் இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரை அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்த நமக்கு உரிமை இல்லை. அவளுக்கெனத் தனிக் கணக்கு, அதில் வேலைக்குத் தேவையான குறைந்த உரிமை மட்டும் என்று வையுங்கள். அட்மின் உரிமை தேவைப்படும் வேலைகளில் பொறுப்பாளர் விசைப்பலகையில் அமரட்டும், மாணவி பக்கத்தில் அமர்ந்து வழிகாட்டட்டும். இதனால் வேலை சற்று மெதுவாகும்தான். ஆனால் அவள் போன பிறகும் அந்த அறிவு உங்களிடம் தங்கும்.

பயனாளிகளின் கோப்புகளை அவள் படிக்க வேண்டிய தேவையே இல்லை. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, யார் யார் திறக்க முடிகிறது என்பது தெரிந்தால் அவள் வேலைக்குப் போதும். வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்களுக்குத் தங்குமிடம் தரும் நிறுவனமாக இருந்தால் முகவரியே ஓர் உயிர்காக்கும் இரகசியம். வகுப்புத் தோழியின் குடும்பம் உங்கள் பயனாளிகளில் ஒன்றாக இருக்கவும் கூடும். அதை அவள் அறிய நேர்வது இருவருக்குமே துயரம்.

எழுத்தில் ஓர் ஒப்புதல் கட்டாயம் தேவை. எந்தக் கணினிகள், எந்தக் கணக்குகள், எந்த டொமைன், எந்த நேரம், எந்தெந்தக் கருவிகள், குறை ஒன்றைக் கண்டால் யாரிடம் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்திவிடுவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நிறுவனத் தலைவரும் பெற்றோரும் கையெழுத்திடட்டும். உங்கள் ஒப்புதல் உங்களுக்குச் சொந்தமானவற்றுக்கு மட்டுமே செல்லும். இணையதளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரையோ, நன்கொடைக் கணக்கைப் பராமரிக்கும் மென்பொருள் சேவையையோ சோதிக்க நீங்கள் அனுமதி தர முடியாது. அத்தகைய சேவைகளிடம் என்னென்ன தகவல் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கேட்டு எழுதிவைப்பதே உங்களால் முடிந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் வழங்கும் பிளாக்பாட் நிறுவனம் 2020-இல் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானபோது, அதன் வாடிக்கையாளர்களாக இருந்த ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் தங்கள் நன்கொடையாளர்களுக்குத் தாங்களே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

கேள்வி: பயிற்சியில் ஆர்வம் கூடிப்போய், என் மகன் இப்போது மற்ற நிறுவனங்களின் இணையதளங்களிலும் குறை தேடுகிறான். நல்லெண்ணத்தோடுதானே செய்கிறான் என்கிறான். தடுக்கவா, விடவா?

பதில்: தடுங்கள், இன்றைக்கே. அனுமதி இல்லாமல் அடுத்தவரின் கணினிக்குள் நுழைவது பெரும்பாலான நாடுகளில் குற்றம். நல்லெண்ணம் என்பது விசாரணையில் சொல்லும் பதிலாகலாமே தவிர, விசாரணையைத் தடுக்காது. ஆனால் ஆர்வத்தை அணைத்துவிடாதீர்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2013-இல் தொடங்கி நடத்திவரும் பிகோசிடிஎஃப், பள்ளி மாணவர்களையும் மனத்தில் வைத்து உருவான இலவசப் போட்டி. அங்கே பூட்டை உடைப்பதே வேலை, அதற்கென்றே பூட்டுகளைச் செய்துவைத்திருக்கிறார்கள். சாதாரணமாகப் பயன்படுத்தும்போது ஒரு குறை தானாகக் கண்ணில் பட்டால், மேற்கொண்டு தோண்டாமல், உங்களுக்கும் பயிற்சிப் பொறுப்பாளருக்கும் சொல்லட்டும். பெரியவர் ஒருவர் அந்த நிறுவனத்துக்கு எழுதட்டும்.

கேள்வி: பயிற்சி மாணவர் போலி பிஷிங் மின்னஞ்சல் அனுப்பி ஊழியர்களைச் சோதிக்கலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். தங்கள் பிள்ளை வயதுள்ளவரின் சோதனையில் சிக்கிய மூத்த ஊழியர், அடுத்த முறை உண்மையாகவே தவறான இணைப்பைத் தொட்டுவிட்டால் வெட்கத்தால் மறைத்துவிடுவார். மறைத்த ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு நடைமுறையை எல்லாருக்கும் பழக்குங்கள்: வங்கிக் கணக்கு எண் மாறியதாகவோ உடனே பணம் அனுப்பும்படியோ மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

கேள்வி: பயிற்சி முடியப்போகிறது. நான் எழுதிய அறிக்கையைக் கல்லூரி விண்ணப்பத்தோடு இணைக்கலாமா? கிளம்பும் முன் வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: இணைக்கக் கூடாது. இன்னும் சரிசெய்யப்படாத குறைகள் உங்கள் அறிக்கையில் இருக்கும். தாக்க நினைப்பவருக்கு அது வழிகாட்டும் வரைபடம். விண்ணப்பத்தில் நீங்கள் செய்த வேலையின் வகையை மட்டும் எழுதுங்கள், பொறுப்பாளரிடம் ஒரு சான்றுக் கடிதம் கேளுங்கள். அறிக்கையைத் தொழில்நுட்பம் அறியாத செயலாளருக்கும் புரியும் தமிழில் எழுதி, எது முடிந்தது, எது பாக்கி, பாக்கியில் எது அவசரம் என்று பிரித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் கணினியிலிருக்கும் பிரதியை அழித்துவிடுங்கள். உங்கள் கணக்கை மூடும்படி நீங்களே கேளுங்கள். அது மூடப்பட்டதா என்று உள்நுழைய முயன்று, அவர் முன்னிலையிலேயே சரிபாருங்கள். வேலையின் நடுவில் நிறுவனக் கணக்கு ஏதேனும் ஒன்றின் இரண்டடுக்குச் சரிபார்ப்பை வசதிக்காக உங்கள் கைபேசியில் அமைத்திருந்தால், அதைப் பொறுப்பாளரின் கைபேசிக்கு மாற்றி, மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு அவரிடம் ஒப்படைத்து, நீங்கள் உதவாமல் அவராகவே ஒரு முறை உள்நுழைவதைப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.